ஊர் அடங்கும் நேரம்: கைப்பேசியும் தூக்கமும் காதில் ஏறாத அறிவுரையும்

(சித்தன்னவாசலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சித்தன்னவாசலுக்கு வந்து பேசுகிறவர்கள் வழக்கமாக ஓவியத்தில்தான் தொடங்குவார்கள். அறிவர் கோயில் விதானத்தின் தாமரைக் குளம், அதில் பூப்பறிக்கும் மனிதர்கள், யானை, எருமை, அன்னம், மீன் எல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்கு மனப்பாடம். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்த செய்தியும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஓவியத்தை விட்டுவிட்டு நான் மலை மேலே போகிறேன், ஏழடிப்பட்டத்துக்கு.

அங்கே இருப்பவை படுக்கைகள். பாறையை வெட்டி, வழவழப்பாகத் தேய்த்து, தலைமாட்டைச் சற்று உயர்த்திச் செய்த 17 கற்படுக்கைகள். அவற்றுள் பழமையான ஒன்றில் சுமார் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. பிற்காலத்தில் வந்து தங்கிய துறவிகளின் பெயர்களும் அருகில் வெட்டப்பட்டிருக்கின்றன. சமண முனிவர்களின் இரவுக்கு விதிகள் உண்டு. பொழுது சாய்ந்தபின் உணவு கிடையாது. மெத்தை கிடையாது. தூக்கமும் கொஞ்சம்தான். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டதில் அவர்கள் நமக்கு முன்மாதிரி ஆக மாட்டார்கள். வளரும் பிள்ளைகளிடம் போய் அதைச் சொல்லவும் கூடாது. ஆனால் அது தெரிந்தே எடுத்த முடிவு. நம் வீட்டில் இரவு பத்தரைக்கு ‘அஞ்சே நிமிஷம்’ என்று கைப்பேசியை எடுத்தவர் மணி ஒன்றேகாலைப் பார்த்துத் திடுக்கிடுகிறார். அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தை விட்டுக்கொடுப்பது என்று அவர் எப்போதும் முடிவெடுக்கவில்லை.

படுக்கப் போகும் நேரத்தில் கைப்பேசியைத் தள்ளி வையுங்கள் என்று மருத்துவர் சொல்கிறார், பள்ளிக்கூடம் சொல்கிறது, கைப்பேசியே சொல்கிறது. கேட்டுக்கொண்டே நோண்டுகிறோம். இந்த அறிவுரை ஏன் எடுபடவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

1. அறிவியல் சொல்வது என்ன?

முதலில் அறிவுரையையே சரிபார்த்துவிடுவோம். பார்ப்பதற்கான செல்கள் கண்ணில் இருப்பது பள்ளிப் பாடம். அவற்றோடு, பகலா இரவா என்று உடலுக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் விழித்திரையில் இருப்பது 2002இல்தான் தெளிவாயிற்று. மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட அந்தச் செல்கள் நீல ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்படும். தூண்டப்பட்டால், மூளையின் அடியில் இருக்கும் கடிகார மையத்துக்கு ‘இன்னும் பகல்தான்’ என்று செய்தி போகும். இருட்டியதும் சுரக்க வேண்டிய மெலடோனின் என்ற ஹார்மோன் தாமதமாகும்.

இதை அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சோதித்து 2014 இறுதியில் வெளியிட்டார்கள். 12 பேர் ஐந்து இரவுகள் ஒளிரும் திரையிலும், ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகத்திலும், படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் படித்தார்கள். திரையில் படித்தபோது மெலடோனின் பாதிக்கும் மேல் குறைந்தது. உடலின் கடிகாரம் மறுநாள் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. தூக்கம் வருவதற்கு எவ்வளவு தாமதம்? சுமார் பத்து நிமிடம்.

‘பத்து நிமிடம்தானா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2016இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள், பகலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் திரை பார்த்தும் தூக்கம் கெடவில்லை என்று கண்டார்கள். நாற்றங்காலில் நாள் முழுக்க நின்ற உடலும், குழல்விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்த உடலும் இரவில் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. திரையை மஞ்சளாக்கும் வசதி இப்போது எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. அதைப் போட்டவர்களும் போடாதவர்களும் தூங்கியதில் வேறுபாடு இல்லை என்று 2021இல் 167 இளைஞர்களிடம் நடந்த ஆய்வு சொன்னது. 2024இல் அமெரிக்கத் தேசிய தூக்க அறக்கட்டளை கூட்டிய வல்லுநர் குழு, குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் திரையில் பார்க்கும் விஷயமே தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதில் உடன்பட்டது. பெரியவர்களுக்குத் திரையின் ஒளி எவ்வளவு கெடுதல் என்பதில் உடன்பாடு எட்டவில்லை.

ஆக, மஞ்சள் திரை நம்மைக் காப்பாற்றாது. நம்மை விழிக்க வைப்பதில் வெளிச்சத்தைவிட, முடிவில்லாமல் அடுத்தடுத்து வரும் காட்சிக்குப் பங்கு அதிகம். நார்வேயில் 45,000க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2025இல் வந்தது. படுக்கையில் திரை பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தூக்கமின்மை அறிகுறிகளுக்கான வாய்ப்பு 59 விழுக்காடு கூடியிருந்தது; தூக்கம் 24 நிமிடம் குறைந்திருந்தது. படம் பார்த்தாலும் அரட்டை அடித்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. தூக்கம் வராததால் கைப்பேசியை எடுத்தார்களா, கைப்பேசியால் தூக்கம் போயிற்றா என்று இந்த ஆய்வு பிரித்துச் சொல்லாது. போன தூக்கம் போனதுதான்.

பின்வரிசைப் பிள்ளைகளே, ஒரு கணக்குப் போடுங்கள். 13 வயது முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க ஐந்தரைக்கு எழுகிறவர் குறைந்த அளவான எட்டு மணி நேரத்தை எட்டவே ஒன்பதரைக்குப் படுத்திருக்க வேண்டும். ஒன்பதரைக்குப் படுக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். உங்கள் அப்பா அம்மாவும் இங்கேதான் இருக்கிறார்கள்.

2. ‘எனக்கு ஒண்ணும் ஆகலையே!’

அறிவுரை எடுபடாததற்கு முதல் காரணம், கெடுதல் நமக்குத் தெரிவதில்லை. 2003இல் பென்சில்வேனியாவில் ஒரு சோதனை நடந்தது. 14 நாள்கள் தொடர்ந்து இரவுக்கு ஆறு மணி நேரமே படுக்கவிட்டு, கவனத்தையும் நினைவையும் அன்றாடம் அளந்தார்கள். இரண்டு வாரத்தின் முடிவில், ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் அளவுக்கு அவர்கள் தடுமாறினார்கள். ‘தூக்கக் கலக்கமாக இருக்கிறதா?’ என்று கேட்டபோது, கொஞ்சம்தான் என்றார்கள். திறன் நாளுக்கு நாள் இறங்கியது. இறங்குகிறது என்ற உணர்வு மட்டும் முதல் சில நாள்களோடு நின்றுவிட்டது.

இரவு 12 மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்து ‘பழகிப்போச்சு சார்’ என்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. கணக்கில் விட்ட தவறும், பின்னால் வந்த வண்டியைக் கவனிக்காததும், பிள்ளையிடம் எரிந்து விழுந்ததும் தூக்கத்தின் கணக்கில் எழுதப்படுவதில்லை. சர்க்கரையும் அப்படித்தான். 1999இல் சிகாகோவில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். அந்த ஆறே இரவில், குளுக்கோஸைக் கையாளும் அவர்களுடைய உடலின் திறன் வெகுவாகக் குறைந்துபோனது. தெருவுக்குத் தெரு சர்க்கரை நோயாளிகள் இருக்கும் நாட்டில் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

3. நாம் கேட்ட அறிவுரை ஒன்று

‘தமிழன் அறிவுரை கேட்க மாட்டான்’ என்று அலுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இரவில் கைப்பேசியை அணைக்கச் சொன்ன ஒரு செய்தியை நாம் கேட்டிருக்கிறோம். அது பொய்ச்செய்தி.

உங்களில் பலருக்கு வந்திருக்கும். இன்று நள்ளிரவு பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை அண்டக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடக்கப்போகின்றன; கைப்பேசியை அணைத்து உடம்பிலிருந்து தள்ளி வையுங்கள்; சிங்கப்பூர் தொலைக்காட்சியில் சொன்னார்கள், நாசாவும் பிபிசியும் சொல்கின்றன; உற்றார் உறவினருக்கு உடனே அனுப்புங்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் உயிர்த்தெழுகிற செய்தி இது. அண்டக் கதிர்கள் எல்லா நேரமும் பூமியில் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. கைப்பேசி எரிவதற்கும் அணைவதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பிவிட்டு, உண்மையிலேயே அணைத்து வைத்துவிட்டுப் படுத்தவர்கள் உண்டு. அன்று அவர்கள் நன்றாகத் தூங்கியிருப்பார்கள்!

மருத்துவர் சொல்வதும் அதே செயல்தான். பொய்க்குக் கிடைத்த மரியாதை மெய்க்கு ஏன் கிடைக்கவில்லை? பொய்ச்செய்தி ஓர் இரவுக்கு மட்டும் கேட்டது. மருத்துவர் ஆயுள் முழுக்கக் கேட்கிறார். பொய்ச்செய்தியில் பயம் இருந்தது. மருத்துவர் சொல்வதில் சலிப்புத்தான் இருக்கிறது. இவற்றைவிட முக்கியமானது, பொய்ச்செய்தி எல்லாருக்கும் ஒன்றாக வந்தது. அண்ணன் வீட்டிலும் அணைத்தார்கள், எதிர்வீட்டிலும் அணைத்தார்கள். அணைத்துவிட்டுப் படுத்தவருக்கு எதையோ தவறவிடுகிறோம் என்ற எண்ணம் இல்லை. மருத்துவரின் அறிவுரையைத் தனி ஒருவராகக் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

கதிர்வீச்சுப் பயமும் இந்த வகைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் கைப்பேசி அலைகளைப் புற்றுநோய்க்கு வாய்ப்பிருக்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. அந்த நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2024இல் வெளியான விரிவான மதிப்பாய்வு, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. நம் வீடுகளில் ‘தலைமாட்டுல வைக்காதடா, கதிர்வீச்சு’ என்கிறார்கள். பையனும் சொல் தட்டாமல் கைநீட்டும் தூரத்தில் வைக்கிறான், ஒரு மணி வரை பார்த்து முடித்தபிறகு.

4. மதுரைக் குகையில் கண்டது

தூக்க நேரம் தனிமனித விஷயமா, கூட்டத்தின் விஷயமா? இந்தக் கேள்வியைத் தொடும் ஆராய்ச்சி நமக்கு வெகு அருகில் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் என்ற உயிரியல் அறிஞர் இருந்தார். ஜெர்மனியின் எர்வின் பியூனிங்கிடம் உயிர்க்கடிகார ஆராய்ச்சி பயின்றவர். பட்நாகர் விருது பெற்றவர். 2009இல் மறைந்தார். அவரும் அவருடைய மாணவர்கள் மாரிமுத்து, ராஜன் ஆகியோரும் மதுரைக்கு அருகே ஒரு குகையில் வௌவால்களை ஆராய்ந்து 1981இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

குகையின் உட்புறம் எந்நேரமும் இருட்டு. சூரியன் மறைந்தது உள்ளே தெரியாது. ஆனாலும் அந்தியில் கூட்டம் சரியாகக் கிளம்பிப் போகிறது, விடியுமுன் திரும்புகிறது. ஆய்வாளர்கள் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து அதே இருட்டுக்குள் வைத்தார்கள். வெளியே போக முடியாத அந்த வௌவால்களும் கூட்டம் கிளம்பும் நேரத்தில் சுறுசுறுப்பாயின, கூட்டம் அடங்கும் நேரத்தில் அடங்கின. வௌவால் கூட்டமே இல்லாத வேறொரு குகையில் அடைத்தபோது நேரம் அன்றாடம் சிறிது சிறிதாக விலகிப் போயிற்று. ஒளியே இல்லாத இடத்தில், தன் இனத்தின் நடமாட்டமே கடிகாரமாக இருந்தது. வேற்றின வௌவாலின் நடமாட்டத்துக்கு அந்தச் செல்வாக்கு இல்லை என்றும் பின்னர் கண்டார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களையும் ஆராய்ந்தார்கள். கடிகாரமும் சூரிய ஒளியும் வெளியார் பேச்சும் இல்லாத அறையில் தன்னார்வலர்கள் தனியே பல நாள்கள் தங்கினார்கள். அவர்களுடைய ‘நாள்’ 24 மணி நேரத்திலிருந்து விலகி நீண்டது.

வௌவாலுக்குப் பொருந்துவது அப்படியே மனிதனுக்குப் பொருந்தும் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரின் பழைய இரவை நினைத்துப் பாருங்கள். கடைசிப் பேருந்து போகும். டீக்கடை சாத்துவார்கள். திண்ணைப் பேச்சு ஓயும். ஒவ்வொரு வீடாக விளக்கு அணையும். ‘ஊர் அடங்கிப்போச்சு, படு’ என்று பாட்டி சொல்வார். இப்போதும் தெரு அடங்குகிறது, கடை சாத்துகிறார்கள். படுத்தவரின் கையில் மட்டும் ஊர் அடங்குவதில்லை. பதினொன்றேகாலுக்கு மாமா மகன் ஸ்டேட்டஸ் போடுகிறான். பன்னிரண்டுக்குப் பிறந்தநாள் வாழ்த்து கிளம்புகிறது. ஒன்றரைக்கும் யாரோ ‘ஆன்லைன்’ என்று பச்சைப் புள்ளி காட்டுகிறது. நாலரைக்கு முருகன் படத்தோடு காலை வணக்கம் வந்துவிடுகிறது. எல்லாரும் விழித்திருக்கும்போது ஒருவரை மட்டும் தூங்கச் சொல்கிறது நம் அறிவுரை. அது தோற்பதில் வியப்பில்லை.

5. அறிவுரைக்குத் தெரியாத வீடுகள்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேரத்தில் படுக்காதவர்களை எல்லாம் அலட்சியக்காரர்கள் என்று திட்டுவது அறமாகாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேட வேண்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தியது. வேலை முடித்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டு, சிங்கப்பூரில் இருப்பவர் ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் இங்கே மணி ஏழு. பிள்ளைகள் அப்பாவைப் பார்த்துவிட்டுப் பாடம் படிக்கலாம். துபாயில் இருப்பவர் அதே ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் இங்கே மணி பதினொன்று. தூங்கும் பிள்ளையை எழுப்பித்தான் முகம் காட்ட வேண்டும். அந்தத் தாயிடம் போய்ப் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை வைத்துவிடம்மா என்று எந்த மருத்துவர் சொல்வார்?

பம்புசெட் மோட்டாரைக் கைப்பேசியில் போடவும் அணைக்கவும் ஏற்பாடு செய்துகொண்ட விவசாயி இருக்கிறார். அழைப்புக்குக் காத்திருக்கும் 108 ஓட்டுநர் இருக்கிறார். பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்து, அன்றைக்கு முதன்முறையாகத் தனக்கென்று உட்காரும் பெண் இருக்கிறார். வெளிக்காரணம் ஏதுமின்றிப் படுக்கையைத் தள்ளிப்போடும் பழக்கத்தை நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2014இல் தனியே பெயரிட்டு ஆராய்ந்தார்கள். நம் வீட்டில் காரணம் இருக்கிறது. பகல் முழுக்கப் பிறருக்குப் போய்விட்டது, மிச்சமிருப்பது இரவுதான். அந்தப் பெண்ணின் தூக்கத்தை மீட்க வேண்டுமானால், ஒன்பது மணிக்குள் பாத்திரத்தை வேறு யாராவது கழுவ வேண்டும். ஐயாமார்களே, இது உங்களுக்கு.

6. சைரன் ஊதும் ஊர்

கூட்டத்தால் கெட்டதைக் கூட்டமாகத்தான் சரிசெய்ய முடியும். முடியுமா என்றால், செய்து பார்த்த ஊர் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற ஊரில் சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். கொரோனாக் கால இணையவழி வகுப்புக்குப் பின் பிள்ளைகள் கைப்பேசியை விடவில்லை என்று 2022 ஆகஸ்டில் ஊர்கூடி முடிவெடுத்தார்கள். மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஊதும். எட்டரை வரை எல்லா வீட்டிலும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்கும். அவர்கள் படிப்புக்காகச் செய்தார்கள், தூக்கத்துக்காக இல்லை. முறை ஒன்றுதான். ஜப்பானின் டொயோவாகே நகரம் 2025 அக்டோபரில் ஓர் ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இரவு ஒன்பதுக்குள்ளும் மற்றவர்கள் பத்துக்குள்ளும் திரையை நிறுத்தும்படி அது கேட்டுக்கொள்கிறது. மீறினால் தண்டனை இல்லை.

இது நமக்குப் புதிதா? அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எத்தனை கட்டுப்பாடு! வெளியூர் போனவர் இரவு தங்காமல் திரும்புகிறார். ஊரே ஒன்றாக இருப்பதால் யாருக்கும் அது பாரமாகத் தெரிவதில்லை. மலைமேல் அந்த 17 படுக்கைகளும் ஒரே குகைக்குள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. கடுமையான நோன்பையும் துறவிகள் கூட்டமாக இருந்தே காத்தார்கள்.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

வீட்டில்: எல்லாருடைய கைப்பேசிக்கும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் போடுங்கள். அப்பாவுடையதும் அங்கேதான். எழுப்புவதற்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர், வயதான பெற்றோர் இவர்களின் எண்கள் மட்டும் ஒலிக்குமாறு வைத்து மற்றவற்றை அமைதியாக்குங்கள். அந்த வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது.

பள்ளியில்: வீட்டுப்பாடத்தை இரவில் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மாலை ஆறு மணிக்குப் பின் நினைவுக்கு வந்த வீட்டுப்பாடம் மறுநாள் வரை பொறுக்கும்.

குழுக்களில்: ஊர்க் குழு, உறவுக் குழு, பழைய மாணவர் குழு எதுவானாலும் அட்மின்கள் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை குழுவைப் பூட்டி வையுங்கள். அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று மாற்ற அரை நிமிடம் போதும். சாவுச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாலைக்கும் தண்ணீருக்கும் கேட்பது போல, பிள்ளைகளின் தூக்கத்துக்காகவும் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் ஊர்க் குழுக்களில் செய்தி வராது என்ற ஒரே வரி போதும். அடுத்த கிராம சபையில் அதை முன்மொழிய இந்த அரங்கிலிருந்து ஒருவர் எழுந்தால், இந்த அறக்கட்டளையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வேன்.